காசு நம்மட, சாவி யாருட?

இந்த மாசம் வந்த கேள்விகள மேசையில பரத்தி வெச்சுப் பாத்தா முக்காவாசி ஒரே சாதி. "இந்த அப்ப (செயலிய) போட விடுதில்ல", "நேத்து வரைக்கும் வேல செஞ்சது இண்டைக்கு இல்ல", "போன் என்ட, காசு என்ட, பிறகென்ன இவங்க தடுக்கிற?" எண்டு. ரிப்பேர் கடைக்காரன் எனக்கு இது புதுசில்ல, கல்லடிப் பாலத்தக் கடந்து வாற ஆக்கள்ல நாளைக்கு ரெண்டு பேராவது இந்த முறைப்பாட்டோடதான் வருவாங்க, அதால இந்தத் தரம் உடைஞ்ச டிஸ்ப்ளே, தண்ணியில விழுந்த போன் எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுக்கிறன். பற்றரி ஊதிப்போச்சு எண்டு எழுதின வாழைச்சேனைத் தம்பி மட்டும் அடுத்த மாசம் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காதீங்க, சார்ஜ்ல போடாம ஓஃப் பண்ணி கிட்ட இரிக்கிற கடைக்குக் கொண்டு போங்க.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு ட்யூஷன் மாஸ்டர்:

அண்ணன், ஓஎல் புள்ளைகளுக்கு கணக்கு படிப்பிக்கிறன். பழைய பாஸ்பேப்பர் எல்லாம் போட்டு நானே சின்ன அப் ஒண்டு செஞ்சு ஏபிகே பைலா (ஆண்ட்ரொய்ட் போன்ல அப் போடுற பைல்) வட்ஸ்அப் குரூப்ல விடுவன், அறுபது எழுபது புள்ளைகள் பாவிக்குது. இப்ப யூடியூப்ல ஒருத்தர் சொல்றார், இனி பிளே ஸ்டோருக்கு வெளிய இருந்து ஒண்டும் போட ஏலாது, கூகிள் மொத்தமா பூட்டப் போகுது எண்டு. உண்மையா?

பதில்: மொத்தமா பூட்டுது எண்டு சொன்னாலும் பொய், ஒண்டும் நடக்கல்ல எண்டு சொன்னாலும் பொய் மாஸ்டர். 2025 ஓகஸ்ட்ல கூகிள் ஒரு அறிவிப்பு விட்டது. கூகிள் சேர்ட்டிஃபை பண்ணின ஆண்ட்ரொய்ட் போன்ல, அதாவது கடையில நாம வாங்குற கிட்டத்தட்ட எல்லா ஆண்ட்ரொய்ட் போன்லயும், போடுற அப் பிளே ஸ்டோர்ல இருந்து வந்தாலும் சரி உங்கட வட்ஸ்அப் குரூப்ல இருந்து வந்தாலும் சரி, அத செஞ்ச ஆள் பேர், விலாசம், ஈமெயில், போன் நம்பர் எல்லாம் குடுத்து கூகிள்ட பதிஞ்ச ஆளா இருக்க வேணுமாம். முதல்ல 2026 செப்டம்பர்ல பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து எண்டு நாலு நாடு, 2027ல இருந்து மத்த நாடுகளுக்கும் படிப்படியா எண்டு சொன்னாங்க. அந்த முதல் நாலுல நாம இல்ல, அதால உங்கட புள்ளைகள்ட போன்ல நாளைக்கே ஒண்டும் ஆகாது.

பதியிறதுக்கு ஒரே ஒரு தரம் 25 டொலர். படிக்கிற பிள்ளைகள், பொழுதுபோக்குக்கு அப் செய்யிற ஆக்களுக்கு காசில்லாத அக்கவுண்ட் ஒண்டும் வெச்சிரிக்காங்க, ஆனா அதால போடக்கூடிய போன்ட எண்ணிக்கைக்கு ஒரு அளவு இரிக்கு.

கூகிள் சொல்ற காரணம், பிளே ஸ்டோர்ல கிடைக்கிற அப்ஸ விட வெளிய இன்டர்நெட்ல இருந்து எடுத்துப் போடுற அப்ஸ்ல வைரஸ் 50 மடங்குக்கும் மேலயாம். அது அவங்கட கணக்கு. நான் சண்டைக்குப் போகல்ல, கீழ திருக்கோவில் அக்காட கேள்விய வாசிச்சா ஏன் எண்டு விளங்கும். ஆனா ஒண்டு சொல்லணும், கடை போட்டு விக்கிற ஆளுக்கு பீஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாக்கிறது நியாயம், வீட்டுல இடியப்பம் அவிச்சு பக்கத்து வீட்டுக்குக் குடுக்கிறதுக்கும் பீஎச்ஐட கையெழுத்து கேட்டா எப்பிடி? நீங்க செய்யிறது இடியப்பம் குடுக்கிற வேல. எஃப்-டிரொய்ட் எண்டு 2010ல இருந்து ஒரு இடம் இரிக்கு, ஆரும் கோடத் திறந்து பாக்கக்கூடிய இலவச அப்ஸ மட்டும் வெச்சிரிக்கிற இடம், அந்த ஆக்கள் இந்த அறிவிப்பு வந்து அடுத்த மாசமே எழுதினாங்க, இது அப்பிடியே வந்தா எங்கட கதை முடிஞ்சிது எண்டு. சத்தம் கூடக் கூட கூகிள் 2025 நவம்பர்ல கொஞ்சம் இறங்கி வந்து, விளங்கித்தான் செய்யிறன் எண்டு சொல்ற ஆக்களுக்கு எச்சரிக்கை காட்டிட்டு பதியாத அப்பயும் போட ஒரு வழி வைப்பம் எண்டு சொன்னது. அந்த வழி வாசலா ஜன்னலா எண்டதுலதான் எல்லாம் இரிக்கு. கொம்பியூட்டரோட கேபிள் குத்தி போடுற பழைய வழியும் கிடக்கும், ஆனா எழுபது புள்ளைகள்ட போனயும் நீங்க கேபிள்ல குத்திக்கொண்டு இருக்க ஏலாதே.

இப்ப நீங்க செய்ய வேண்டியது ரெண்டு. அப்புக்கு சைன் பண்ணின (டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட) கீ பைல பென்டிரைவ்ல ஒரு கொப்பி, வேற இடத்துல ஒரு கொப்பி வெச்சுக்கொள்ளுங்க, அது தொலைஞ்சா பழைய அப்புக்கு மேல அப்டேட் போட ஏலாது, நாளைக்குப் பதியப் போனாலும் இது என்ட அப்தான் எண்டு காட்ட அந்தக் கீதான் சாட்சி. மற்றது, பாஸ்பேப்பர்தானே, அப்பே தேவையா எண்டு ஒருக்கா யோசிங்க. வெப் பக்கமா செஞ்சு குடுத்தா புள்ளைகள் குரோம்ல திறந்து ஹோம் ஸ்கிரீன்ல சேர்த்துக்கொள்ளும், பாக்க அப் மாதிரியே இரிக்கும், எவன்ட கையெழுத்தும் வேணாம்.

திருக்கோவிலிலிருந்து ஒரு அக்கா:

தம்பி, பார்சல் ஒண்டு வந்து நிக்குது, விலாசம் பிழை, இந்த அப்ப போட்டு சரி பண்ணுங்க எண்டு மெசேஜ் வந்தது. மகள் வெளிநாட்டுல இருந்து அனுப்பினதாக்கும் எண்டு நினைச்சுப் போட்டன். ஏதோ கேட்டுக் கேட்டு வந்தது, எல்லாத்துக்கும் ஓம் குடுத்தன். இப்ப போன் தானா திறக்குது, தானா மூடுது. பேய் புடிச்ச மாதிரி இரிக்கு.

பதில்: அக்கா, இத வாசிக்க முதல் நான் உங்களுக்கு கோல் எடுத்துச் சொல்லிட்டன், ஆனா மத்த ஆக்களுக்காக எழுதுறன். முதல் வேல போன ஃப்ளைட் மோட்ல போடுறது. அடுத்தது வேற ஆள்ட போன்ல இருந்து பேங்குக்கு கோல், நம்பர் கார்டுக்குப் பின்னால இரிக்கும், மெசேஜ்ல வந்த நம்பருக்கு எடுத்திடாதீங்க. பிறகு போட்டோ, நம்பர் எல்லாம் காப்பாத்திட்டு போன முழுசா ரீசெட் அடிக்கிறதுதான் நிம்மதி. பாஸ்வேர்ட் எல்லாம் வேற போன்ல இருந்து மாத்துங்க. இலங்கை சேர்ட்டுக்கும் (இன்டர்நெட் பாதுகாப்பப் பாக்கிற அரச நிறுவனம்) ஒரு முறைப்பாடு போட்டு விடுங்க.

பேய் எப்பிடி ஏறிச்சு எண்டா, ஆண்ட்ரொய்ட்ல அக்செசிபிலிட்டி எண்டு ஒரு அனுமதி இரிக்கு. கண் தெரியாத ஆக்களுக்கு ஸ்கிரீன்ல உள்ளத வாசிச்சுக் காட்ட, கை ஏலாத ஆக்களுக்காக பட்டனத் தட்டிக் குடுக்க எண்டு வெச்ச நல்ல விஷயம். கள்ளன்ட கையில அது கிடைச்சா உங்கட ஸ்கிரீன அவன் வாசிப்பான், உங்கட பட்டன அவன் தட்டுவான், ஓடீபி வந்த உடனே எடுத்துக்கொண்டு போயிருவான். இதாலதான் 2022ல வந்த ஆண்ட்ரொய்ட் 13ல இருந்து வெளிய இருந்து போட்ட அப் இந்த அனுமதியக் கேட்டா போனே குறுக்க விழுந்து "தடுக்கப்பட்ட செட்டிங்" எண்டு சொல்லும். கள்ளனும் சும்மா இருக்கல்ல, "அப் விபரத்துக்குப் போங்க, மேல மூணு புள்ளியத் தட்டுங்க, அனுமதி குடுங்க" எண்டு படம் கீறி அனுப்புறான். போன மாசம் கடைக்கு வந்த ஒரு அம்மாட போன்ல அந்தப் படம் கெலரியில அப்பிடியே கிடந்தது, சிவப்பு அம்புக்குறி போட்டு, சுத்தத் தமிழ்ல, எழுத்துப் பிழை கூட இல்லாம. எனக்கு அதப் பாக்க சரியான கோவம் வந்தது, நம்மட பெடியன் எவனோதான் உக்காந்து எழுதியிரிக்கான்.

அதால கொம்பனிக்காரன் பூட்டுப் போடுறது முழுக்க முழுக்க அநியாயம் எண்டு ஆரும் வந்து எனக்கிட்ட சொன்னா நான் தலையாட்ட மாட்டன். பூட்டு இருக்கட்டும். ஒரு சாவி வீட்டுக்காரன்ட கையிலயும் இருக்கட்டும், அவ்வளவுதான் நான் கேக்கிற.

காத்தான்குடியிலிருந்து ஒரு தம்பி:

மச்சான் கட்டார்ல இருந்து ஐபோன் ஒண்டு அனுப்பினார். இதுல ஏபிகே போட என்ன வழி? கடைக்காரர் ஒருத்தர் ஐயாயிரம் தந்தா ஜெயில்பிரேக் (கொம்பனி போட்ட பூட்ட உடைக்கிறது) பண்ணித் தாறன் எண்டு சொல்றார்.

பதில்: ஐயாயிரத்தையும் உம்மாட கையில குடுங்க தம்பி. ஏபிகே எண்டது ஆண்ட்ரொய்ட்டுக்குரிய பைல், ஐபோனுக்கு அது பாஷையே வேற. ஐபோனுக்குரிய அப் எண்டாலும் அப்பிள்ட அப் ஸ்டோர் வழியாத்தான் வரணும்.

இந்தப் பூட்டு போன் புறக்கும்போதே வந்தது. 2007ல முதல் ஐபோன் வந்த நேரம் அப் ஸ்டோர் எண்டு ஒண்டே இல்ல, வெளி ஆக்கள் அப் செய்யவும் ஏலாது, வெப் பக்கம் செஞ்சு தாங்க போதும் எண்டுதான் ஸ்டீவ் ஜொப்ஸ் சொன்னார். பெடியனுகள் விடுவாங்களா, பூட்ட உடைச்சு உள்ள போய் தாங்களே அப் போடத் தொடங்கிட்டாங்க, ஜே ஃப்ரீமன் எண்டவர் செஞ்ச சிடியா எண்ட ஸ்டோர் 2008 தொடக்கத்துலயே வந்திட்டுது, அப்பிள்ட சொந்த ஸ்டோர் திறந்தது அதுக்குப் பிறகு, 2008 ஜூலை 10ல, 500 அப்ஸோட. விளங்குதா, ஆக்கள் கேட்டத முதல்ல குடுத்தது பூட்ட உடைச்சவன்தான். அமெரிக்காவுல 2010ல ஜெயில்பிரேக் பண்றது கொப்பிரைட் சட்டப்படி குற்றமில்ல எண்டும் சொல்லிட்டாங்க. ஆனா அதெல்லாம் அந்தக் காலம். இப்ப வாற புது ஐபோனுகளுக்கு உருப்படியான ஜெயில்பிரேக் இல்ல, அப்பிடிப் பண்ணித் தாறன் எண்டு காசு கேக்கிற ஆள் உங்கட போன்ட பாஸ்கோடயும் அப்பிள் ஐடியயும் வாங்கி வெச்சு என்ன செய்யப் போறார் எண்டு யோசிச்சுக்கொள்ளுங்க.

நேர்வழி ஒண்டு சின்னதா இரிக்கு. கொம்பியூட்டர் வழியா சொந்த அப்பிள் ஐடியால சைன் பண்ணி அப் போடலாம், காசில்ல, ஆனா ஏழு நாள்ல செத்திரும், திரும்பவும் சைன் பண்ண வேணும், ஒரே நேரத்துல மூண்டு அப்தான். ஏழு நாள் வேணாம், ஒரு வருஷம் வேணும் எண்டா டெவலப்பர் அக்கவுண்ட், வருஷத்துக்கு 99 டொலர். மச்சான்ட சம்பளத்துல அதையும் கேக்காதீங்க.

ஆரையம்பதியிலிருந்து ஒருத்தர்:

பாரிஸ்ல இரிக்கிற அக்காட மகன் ஐபோன்ல வேற ஸ்டோர் ஒண்டு வெச்சிரிக்கான், வீடியோ கோல்ல காட்டினான். சூரிச்ல இரிக்கிற சித்திக்கு அதே மொடல் போன், அவவுக்கு வருதில்ல. லண்டன் மாமாக்கும் வருதில்ல. ஏன்?

பதில்: உங்கட குடும்பத்த வெச்சே ஐரோப்பாட வரைபடம் கீறலாம் போல. அது ஐரோப்பிய ஒன்றியத்துட டிஜிட்டல் மார்க்கெட்ஸ் சட்டம். 2024 மார்ச் 7ல இருந்து பெரிய கொம்பனிகள் அதுக்கு அடங்கி நடக்கணும், அதால அப்பிள் ஐஓஎஸ் 17.4ல ஒன்றிய நாடுகளுக்கு மட்டும் வேற ஸ்டோருகள உள்ள விட்டது, ஆல்ட்ஸ்டோர் எண்டது அடுத்த மாசமே வந்தது. பிரான்ஸ் ஒன்றியத்துக்குள்ள, சுவிஸ் எப்பவுமே வெளிய, பிரித்தானியா 2020ல வெளிய போட்டுது. போன்ட மொடல் ஒண்டுதான், வித்தியாசம் சட்டத்துல. மருமகன் அந்தப் போன இஞ்ச கொண்டு வந்து குடுத்தாலும் பிரயோசனமில்ல, எந்த நாட்டு அக்கவுண்ட், ஆள் எங்க நிக்கிறார் எண்டெல்லாம் பாத்துத்தான் விடும், கன நாள் வெளிய நிண்டா அந்த ஸ்டோர் அப்ஸ்ட அப்டேட்டும் நிண்டு போகும்.

திறக்க ஏலாது எண்டு இத்தனை வருஷம் சொன்ன கொம்பனி, சட்டம் வந்த உடனே திறந்து காட்டிச்சே, அதுதான் எனக்கு இதுல ருசியான பக்கம். இன்னொண்டும் நடந்தது. பழைய கேம் கொன்சோல் விளையாட்டு விளையாடுற எமியுலேட்டர் அப்ஸ அப்பிள் வருஷக்கணக்கா உள்ள விடவே இல்ல. ஐரோப்பாவுல ஆல்ட்ஸ்டோர் வழியா டெல்டா எண்ட எமியுலேட்டர் வரப் போகுது எண்டு தெரிஞ்ச 2024 ஏப்ரல்ல, அப்பிள் தானே விதிய மாத்தி, ஐரோப்பாவுக்கு வெளியயும் தன்ட ஸ்டோருக்குள்ளயே அத விட்டது. பக்கத்துல இன்னொரு கடை திறந்தாத்தான் முதல் கடைக்காரன் சிரிச்சுக் கதைப்பான், காத்தான்குடி பசார் தெரிஞ்ச ஆளுக்கு இத விளக்கத் தேவையில்ல.

காரைதீவிலிருந்து ஒரு தங்கச்சி:

ஒரே மெம்பர்ஷிப், ஐபோன் அப்புக்குள்ள வாங்கினா கூட, வெப்சைட்ல வாங்கினா குறைய. ஏமாத்துறாங்களா?

பதில்: ஏமாத்தல்ல தங்கச்சி, வாடகை. அப்புக்குள்ள நடக்கிற டிஜிட்டல் வியாபாரத்துல அப்பிள் 30 வீதம் வரைக்கும் எடுக்கும், சின்னக் கொம்பனிகளுக்கு 2021ல இருந்து 15. சில கொம்பனி அத அப்பிடியே நம்மட தலையில போடும், 2023ல அமெரிக்காவுல யூடியூப் பிரீமியம் வெப்ல 13.99 டொலர், ஐபோன் அப்புக்குள்ள 18.99 எண்டு இருந்தது. இந்த வாடகைக்காகத்தான் ஃபோர்ட்நைட் கேம் செய்யிற எபிக் 2020 ஓகஸ்ட்ல வேணுமெண்டே தன்ட சொந்த பேமண்ட அப்புக்குள்ள வெச்சது, அப்பிள் கேம அண்டைக்கே தூக்கினது, எபிக் அண்டைக்கே கோர்ட்டுக்கும் போனது. 2021ல வந்த தீர்ப்புல அப்பிளுக்குத்தான் கூடப் பங்கு வெற்றி, ஆனா வெளிய குறைய விலைக்குக் கிடைக்கும் எண்டு சொல்றத தடுக்க ஏலாது எண்டு நீதிபதி சொன்னார். அப்பிள் அந்தக் கட்டளைக்கு ஒழுங்கா அடங்கல்ல எண்டு 2025 ஏப்ரல்ல அதே நீதிபதி திரும்பவும் நல்லா ஏசி எழுதினார், மே மாசம் ஃபோர்ட்நைட் அமெரிக்க ஐபோனுகளுக்கு திரும்ப வந்தது. இதே எபிக் கூகிளுக்கு எதிரா போட்ட வழக்குல 2023 டிசம்பர்ல ஜூரி எபிக் பக்கம்.

உங்களுக்கு இப்ப தேவையானது ஒரு வரி: வெப்சைட்ல வாங்கி அப்புக்குள்ள லொகின் பண்ணுங்க.

கல்முனையிலிருந்து ஒரு சகோதரர்:

சேர், மூணு வருஷமா ஜீபி வட்ஸ்அப் பாவிக்கிறன். இப்ப நம்பர தற்காலிகமா தடை பண்ணியிரிக்கு எண்டு வருது. எனக்கு வியாபார நம்பர். இது அநியாயம் இல்லையா?

பதில்: இதுல நான் உங்கட பக்கம் இல்ல, கோவிக்காதீங்க. மேல சொன்னது உங்கட போன்ல நீங்க விரும்பின அப்ப போடுற உரிமை. இது வேற ஆள்ட சேவைக்குள்ள அவன்ட அப்ப வெட்டி ஒட்டின ஒண்ட வெச்சு நுழையிறது, அதுவும் செஞ்ச ஆள் ஆர் எண்டே தெரியாம. உங்கட கஸ்டமர் அனுப்புற எல்லா மெசேஜும் அந்த ஊர் பேர் தெரியாத ஆள்ட அப்புக்குள்ளாலதான் போகுது. 2021ல இப்பிடி ஒண்டான எஃப்எம் வட்ஸ்அப்ட ஒரு வேர்ஷனுக்குள்ள டிரையாடா எண்ட ட்ரோஜன் (நல்ல அப்புக்குள்ள ஒளிச்சு வாற வைரஸ்) இருந்தத கஸ்பர்ஸ்கி கண்டுபிடிச்சு எழுதினது.

தடை தற்காலிகம் எண்டா இப்பவே சாட்ட பக்கப் எடுத்துட்டு ஒறிஜினலுக்கு மாறுங்க, திரும்பவும் ஜீபில ஏறினா நிரந்தரமா போகும். ஆனா ஒண்டு ஒத்துக்கொள்ளணும், ஆக்கள் ஏன் அங்க போனாங்க? ஒன்லைன் நிக்கிறத மறைக்க, ஒரே போன்ல ரெண்டு நம்பர் வைக்க. ஒன்லைன மறைக்கிறத 2022லயும் ரெண்டு அக்கவுண்ட 2023லயும் வட்ஸ்அப்பே குடுத்தது. அத முதலே குடுத்திருந்தா உங்களுக்கு இந்தத் தலையிடி இல்ல.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரர்:

கோல்ல ஓடர் எடுப்பம், பிறகு "நான் பத்து பேக் சீமெந்து சொல்லல்ல, ஆறுதான்" எண்டு சண்டை. முந்தி கோல் ரெக்கோட் அப் ஒண்டு இருந்தது, இப்ப ஒண்டும் வேல செய்யுதில்ல.

பதில்: 2022 மே 11ல இருந்து கூகிள் பிளே ஸ்டோர் அப்ஸுக்கு, மேல சொன்ன அந்த அக்செசிபிலிட்டி வழியா கோல் ரெக்கோட் பண்றத தடை பண்ணிட்டுது. ஆனா போன் செஞ்ச கொம்பனி தானே உள்ள வெச்சுத் தாற ரெக்கோடருக்கு தடையில்ல. பாத்தீங்களா, அதே வேல, வெளி ஆள் செஞ்சா ஆபத்து, வீட்டு ஆள் செஞ்சா வசதி. உங்கட போன்ட டயலர் செட்டிங்ல தேடிப் பாருங்க, சில மொடல்ல இரிக்கு, சிலது "ரெக்கோட் ஆகுது" எண்டு அந்தப் பக்கத்துக்கும் சத்தமாச் சொல்லும், ஐபோன்லயும் ஐஓஎஸ் 18.1ல இருந்து அப்பிடித்தான். சொல்றது நல்லம்தான், மத்த ஆளுக்குத் தெரியாம குரல் எடுக்கிறது மரியாதை இல்ல. சீமெந்துப் பிரச்சினைக்கு கோல் முடிஞ்ச கையோட "10 பேக், நாளைக்குக் காலையில" எண்டு ஒரு மெசேஜ் போட்டு அவர்ட ஓம் வாங்கிட்டா ரெக்கோடரே வேணாம்.

ஏறாவூரிலிருந்து கெம்பஸ் படிக்கிற ஒரு தம்பி:

பழைய போன்ல கொம்பனி அப்டேட் நிப்பாட்டிட்டான். லினேஜ் ஓஎஸ் போட்டு புது ஆண்ட்ரொய்ட் ஆக்கினன், நல்லா ஓடுது. ஆனா பேங்க் அப் திறக்குதில்ல.

பதில்: கெட்டிக்காரன். பழைய போனக் குப்பையில போடாம உயிர் குடுத்திரிக்கீங்க, அதுக்குத் தண்டனை மாதிரி இரிக்கு. பேங்க் அப் கூகிள்ட பிளே இன்டெக்ரிட்டி எண்ட ஒண்ட கேக்கும், இந்தப் போன்ட சொப்ட்வெயார் கொம்பனி குடுத்தபடி இரிக்கா எண்டு. பூட்லோடர் (போன் ஓன் ஆகும்போது எந்த சொப்ட்வெயார் ஏறலாம் எண்டு பாக்கிற பூட்டு) திறந்தா இல்ல எண்டு பதில் போகும். இதுல கூத்து என்ன எண்டா, பல வருஷம் பாதுகாப்பு அப்டேட்டே இல்லாத ஒறிஜினல் போன் கன இடத்துல பாஸ், நேத்து அப்டேட் போட்ட உங்கட போன் ஃபெயில்.

ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு விதம். ஷியோமி பூட்லோடர் திறக்க அக்கவுண்ட இணைச்சு 168 மணித்தியாலம், அதாவது ஏழு நாள் காத்திருக்க வெக்கும் எண்டுதான் கன காலம் இருந்தது, பிறகு இன்னும் இறுக்கிட்டான். சம்சுங்ல பூட்லோடர் திறந்து வேற சொப்ட்வெயார் போட்டா உள்ளுக்கு நொக்ஸ் எண்ட ஒரு ஃபியூஸ் எரிஞ்சிரும், பிறகு ஒறிஜினல் சொப்ட்வெயாரத் திருப்பிப் போட்டாலும் செக்கியூர் ஃபோல்டர் வராது. எரிஞ்சது எரிஞ்சதுதான், எனக்கிட்ட கொண்டு வந்து "அண்ணன் அத மாத்தித் தாங்க" எண்டு ஆரும் கேக்க வேணாம். பேங்க் வேலய பிரவுசர்ல பேங்க்ட வெப்சைட்ல பாருங்க. மறைச்சு ஏமாத்துற டூல் எல்லாம் இரிக்கு, அது பூனை எலி விளையாட்டு, சம்பளம் வாற நாளாப் பாத்து வேல செய்யாம போகும்.

மட்டக்களப்பு டவுனிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தபால் அதிபர் ஐயா:

இந்த அப், பூட்டு என்று இளம் பிள்ளைகள் ஏன் இவ்வளவு துடிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கொம்பனி தருவதை வைத்துக்கொண்டு இருந்தால் போதாதா?

பதில்: ஐயா, நீங்க எனக்கு வட்ஸ்அப்ல தமிழ்ல இந்தக் கேள்விய அனுப்பினீங்க. அதுதான் என்ட பதில், எண்டாலும் விளக்கிச் சொல்றன்.

2011 அளவுல ஆண்ட்ரொய்ட் 2.2, 2.3 போன் எல்லாம் வரத் தொடங்கின காலம், கன போன்ல தமிழ் தெரியாது, நியூஸ் பக்கத்தத் திறந்தா முழுக்கப் பெட்டி பெட்டியா வரும். கொம்பனி தந்தது பெட்டிதான். கடைக்கு ஆக்கள் வந்து "தம்பி, தமிழ் வரப் பண்ணித் தா" எண்டு கேப்பாங்க. நான் செய்யிறது, ஒபேரா மினி எண்ட பிரவுசர வெளிய இருந்து போட்டு, அட்ரஸ் அடிக்கிற இடத்துல ஒபேரா, ரெண்டு புள்ளி, கொன்ஃபிக் எண்டு அடிச்சா ஒரு நீட்டுப் பட்டியல் வரும், அதுல கடைசிக்குக் கிட்ட இறங்கி, கஷ்டமான எழுத்துகளுக்கு பிட்மெப் ஃபொன்ட் பாவி எண்ட இடத்துல "நோ"வ "யெஸ்" ஆக்கி சேவ் குடுக்கிறது. பக்கம் திரும்ப ஏறும். பெட்டி எல்லாம் எழுத்தாகும். அந்த எழுத்து படமா வாறதால கொஞ்சம் மங்கலா, விளிம்பு உடைஞ்சு இரிக்கும், ஆனா தமிழ். ஒரு மனிசன் அந்தப் பக்கத்த மேல இருந்து கீழ வரைக்கும் வாய்விட்டு வாசிச்சிட்டு எனக்கு நூறு ரூபா தந்திட்டுப் போனார், நான் கேட்டது அம்பது. இன்னும் துணிஞ்ச பெடியனுகள் போன ரூட் பண்ணி (போன்ட முழு அதிகாரத்தையும் எடுத்து) உள்ளுக்கு தமிழ் ஃபொன்ட் திணிச்சாங்க, அதுல ரெண்டு மூண்டு போன் செத்தும் போனது, ஒண்டு என்ட கையால.

ஐபோன்ல வேற மாதிரி. எழுத்துத் தெரியும், அடிக்க ஏலாது. மலேசியாவுல முத்து நெடுமாறன் செஞ்ச செல்லினம் இருந்தது, ஆனா வெளி ஆள்ட கீபோட்ட அப்பிள் உள்ள விடாது, அதால அந்த அப்புக்குள்ள போய் தமிழ்ல அடிச்சு, கொப்பி பண்ணி, வெளிய வந்து மெசேஜ்ல ஒட்டணும். ஒரு வரிக்கு இவ்வளவு பாடு. 2013ல ஐஓஎஸ் 7ல அப்பிளே தமிழ் கீபோட் தந்தது, 2014ல ஐஓஎஸ் 8லதான் வெளி ஆக்கள்ட கீபோட்டுக்கு கதவு திறந்தது. அதாவது ஐயா, நமக்கு என்ன வேணும் எண்டது கலிஃபோர்னியாவுல இரிக்கிற ஆளுக்கு கடைசியாத்தான் விளங்கும், நம்ம ஆள் ஒருத்தன் அதுக்கு முதலே செஞ்சு வெச்சிருப்பான், அவன்ட சாமான உள்ள விடுறதா இல்லையா எண்டதுதான் இந்தப் புள்ளைகள் துடிக்கிற துடிப்பு. நாளைக்கு மட்டக்களப்புத் தமிழ் விளங்கிற கீபோட் ஒண்ட கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பெடியன் ஒருத்தன் செஞ்சா, "இரிக்கு" எண்டு அடிக்க அது "இருக்கு" எண்டு திருத்தாம விட்டா, முதல் ஆளா என்ட போன்ல போடுவன். இப்ப உள்ளது இந்தப் பதிலுக்குள்ள மட்டும் என்ன பதினஞ்சு தரம் திருத்திப் போட்டுது.

பொத்துவிலிலிருந்து ஒருத்தர்:

புது சம்சுங், எந்த ஏபிகேயும் போட விடுதில்ல. போன் பழுதா?

பதில்: பழுதில்ல. ஓட்டோ புளொக்கர் எண்டு ஒண்டு, 2024 நடுவுல இருந்து வாற சொப்ட்வெயார்ல புது போன செட் பண்ணும்போதே ஓன் ஆகித்தான் வரும். செட்டிங்ல பாதுகாப்பும் தனியுரிமையும் எண்ட இடத்துக்குப் போனா இரிக்கு, ஓஃப் பண்ணுங்க, ஏபிகேயத் திறக்கிற அப்புக்கு அனுமதி குடுங்க, போடுங்க. இந்தச் சாவி உங்கட கையிலதான் தந்திரிக்கான். போட்டு முடிஞ்ச கையோட திரும்ப ஓன் பண்ணிருங்க, மறந்திட்டு அடுத்த மாசம் பேய் புடிச்சிட்டு எண்டு எனக்கு எழுதாதீங்க.